தடம் தெரியாமல் மூடுகிறவன்

தேநீரை ஆறவிடாதீர்கள், மேடம். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஆறினால் மேலே ஏடு மாதிரி ஒன்று படிந்துவிடும். ஏவ்ரில் போட்டிருந்தால் கோப்பையை முதலில் வெந்நீரில் அலசியிருப்பாள். இன்று அவள் போடவில்லை, நான் போட்டேன். அவள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். கதவை மூட வேண்டாம். நான் பேசுவது அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

சமையலறை ஜன்னலோரம் ஒரு நீலத் தட்டு இருக்கிறது. அதில் அவளுடைய கல்யாண மோதிரம் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரு வெளியாளிடம், ஒன்று விடாமல், நடுவில் நிறுத்தாமல் நான் சொல்லி முடித்தால், மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். யோசிப்பதாக மட்டும்தான். போலீஸுக்கு போன் செய்து உங்களை வரவழைத்ததும் அவள்தான். ஸ்கெல்பி மாதிரிச் சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் வெளியாள் என்றால் உங்களைப் போல யாராவது வந்தால்தான் உண்டு.

விஷயம் ஒரு சாதாரணக் கேள்வியில் தொடங்கியது. என் மெட்டல் டிடெக்டரை மாற்றிவிட்டுப் புதிதாக, இன்னும் நல்லதாக ஒன்று வாங்கலாமா, வேண்டாமா?

என்னுடையது பழையது. கைப்பிடியில் சைக்கிள் ரப்பர் மாட்டியிருக்கிறேன். பாட்டரிப் பெட்டி கழன்று விழாமல் இருக்க ஏவ்ரிலின் தலைமுடி வளையம் ஒன்றைப் போட்டிருக்கிறேன். அறுவடை முடிந்ததும் சனிக்கிழமைகளில் நானும் கொலினும் பழங்காசு தேடி உழுத வயல்களில் இறங்குவோம். கொலின் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருடம் அவன் புதுக் கருவி வாங்கினான். அதில் திரை உண்டு, எண்கள் உண்டு, காதில் மாட்டிக்கொள்ளக் கம்பியில்லாத ஹெட்போன் உண்டு. அன்றிலிருந்து அவனோடு வயலில் நடப்பது கஷ்டமாகிவிட்டது.

"என்னடா லென், இன்னும் அந்தத் துடைப்பக்கட்டையோடதான் வர்றியா?" என்பான்.

"நல்லாத்தானே வேலை செய்யுது."

"செய்யுது, செய்யுது. போன வாரம் நீ போன வழியிலயே பின்னால வந்து நான் வெள்ளிப் பென்னிக் காசு எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? நீ அது மேலதான் நின்னுக்கிட்டு சாண்ட்விச் தின்னுட்டிருந்தே."

அது உண்மை. முட்டை சாண்ட்விச். மன்னர்கள் காலத்து வெள்ளி என் பூட்ஸுக்கு அடியில் கிடந்திருக்கிறது; என் கருவி மூச்சு விடவில்லை. ஒரு மனிதனுக்கு இது எப்படி இருக்கும் என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்கலாம்.

நான் ஏவ்ரிலிடம் பேசினேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காசுக்குப் புதுச் சமையலறையே போட்டுடலாம், லென்."

"சமையலறை எட்டு அங்குலத்துக்குக் கீழ இருக்கிற வெள்ளியக் காட்டுமா?"

"காட்டாது. ஆனா மழை பேஞ்சா ஒழுகாது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. அது இதைவிட ஒசத்தின்னு எனக்கு நிரூபிச்சுக் காட்டு. ஒரே மண்ணு, ஒரே ஆழம், ரெண்டு மெஷின். இது தோத்துச்சுன்னா அதை வாங்கிக்கோ. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள்.

நியாயமான பெண், மேடம். நடந்ததற்கெல்லாம் அவளுடைய நியாயம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வரிசையில் அது முதலில் வருகிறது.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தெரிந்த பொருளைத் தெரிந்த ஆழத்தில் புதைத்துவிட்டு, அதன் மேல் கருவியை வீசிப் பார்ப்போம். சோதனைப் பாத்தி என்று பெயர். பலர் வீட்டுத் தோட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டம் முன்பு கொல்லன் பட்டறையாக இருந்த இடம். அங்கே கருவியைப் போட்டால் ஆணிகள் கச்சேரி நடத்தும். வயலும் ஆகாது, டிராக்டர் எதையாவது உதிர்த்துக்கொண்டே போகும். எனக்குத் தேவைப்பட்டது இரும்பே இல்லாத, கல்லே இல்லாத, ஒரே சீராக அழுத்தப்பட்ட, யாரும் தோண்டாத மண். அப்படிப்பட்ட இடம் ஸ்கெல்பியில் ஒன்றுதான்.

நீங்கள் நகரத்திலிருந்து வருகிறீர்கள். ஒரு பௌல்ஸ் புல்தரை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரிய கறுப்புப் பந்தை உருட்டிச் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிற ஆட்டம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புல் இருக்கிறதே, அது பில்லியர்ட்ஸ் மேசையைப் போல இருக்கும். மொரிஸ் அதைக் கவனித்துக்கொள்கிறார். அவர் அதன் பக்கத்தில் நின்று யாரையும் உரக்கப் பேசவிட மாட்டார். ஒருமுறை ஒரு கவுன்சிலர் வெளிக்காலணியோடு அதில் ஏறிவிட்டார். அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். ஏனென்று யாரும் கேட்கவில்லை. ஏவ்ரில் அங்கே பெண்கள் அணியின் தலைவி. இந்தக் கோடையில் மாவட்டக் கோப்பையின் அரையிறுதி முதல்முறையாக எங்கள் புல்தரையிலேயே நடப்பதாக இருந்தது.

அடுத்தது புதைப்பதற்கான பொருட்கள். வெண்கலத்துக்கு மொரிஸின் நீண்ட சேவைப் பதக்கம் கிடைத்தது. வெள்ளிக்குப் பௌல்ஸ் சங்கத்தின் பழைய கோப்பை. முழுக் கோப்பையையும் புதைக்க எனக்கு மனம் வரவில்லை, மூடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆட்ட நாட்களில் தேநீர் போடுவது நான்தான். அதனால் சங்கக் கட்டடத்தின் சாவி என்னிடம் இருக்கும். எதையும் உடைக்கவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தங்கத்துக்கு அந்த மோதிரம். மாவு பிசையும்போதும் பந்து உருட்டும்போதும் ஏவ்ரில் அதைக் கழற்றி நீலத் தட்டில் வைப்பாள். மெல்லிய மோதிரம். கல்யாணத்தின்போது என்னால் முடிந்தது அவ்வளவுதான். மெல்லிய தங்கம்தான் இந்தக் கருவிகளுக்கு மிகக் கடினமான பரீட்சை. அந்த வகையில் என் அன்றைய வறுமை அறிவியலுக்குப் பயன்பட்டது.

சங்கத்தார் எல்லோரும் கடற்கரைக்குப் பேருந்தில் சுற்றுலா போன ஞாயிற்றுக்கிழமை அது. நான் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். அன்று காலை ஏவ்ரில் பன் சுட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பினாள். மோதிரம் தட்டில் இருந்தது.

நாங்கள் குழி தோண்டும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்லை மண்ணோடு சேர்த்து லாட வடிவில் வெட்டுவோம். ஒரு பக்கத்தை விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டி மூடி போல மடித்துத் திறப்போம். எடுத்த மண்ணை ஒரு துணியில் கொட்டி, வேலை முடிந்ததும் ஒரு துகள் விடாமல் திரும்பப் போட்டு, மூடியை மடக்கி, மிதித்து, விரலால் புல்லைக் கோதிவிடுவோம். ஒரு நல்ல ஆள் தோண்டிய இடம் நிலத்துக்காரனுக்கே தெரியக்கூடாது. இதுதான் எங்கள் மானம். இந்த வட்டாரத்தில் என்னைப் போலக் குழி மூடுகிறவன் இல்லை என்று கொலினே சொல்வான்.

மூன்று குழிகளையும் மூடினேன். பிறகு எழுந்து நின்று பார்த்தேன். எங்கே தோண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. கவலைப்படவில்லை. புல்தரையின் ஓரத்துக் கரையில், பந்து உருட்டும் பாதைகளுக்கு எண் பலகைகள் நட்டிருப்பார்கள். மூன்றாம் எண் பலகையிலிருந்து அடி வைத்துத்தான் அளந்திருந்தேன்.

கொலின் தன் கருவியோடு வந்தான். ஆனால் வாசல் கேட்டைத் தாண்டி வரவில்லை.

"லென், வயல்னு சொன்னே."

"நல்ல மண்ணுன்னு சொன்னேன்."

"டேய், இது புல்தரைடா! இதுல மெஷினோட கால் வெச்சா, நாளைக்கு நாம செத்தாக்கூட இந்த ஊர்ல புதைக்க இடம் தர மாட்டாங்க."

"பத்தே நிமிஷம்தான் கொலின்."

"நான் இங்க வரவே இல்ல. உன்னப் பாக்கவே இல்ல. எனக்கு உன்னத் தெரியவே தெரியாது. சாயங்காலம் பப்புல பாக்கலாம்."

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பேருந்து திரும்பிவிட்டது. கடற்கரையில் காற்று பலமாக இருந்ததாம். மொரிஸ் இறங்கியதும் நேராகப் புல்தரைக்குப் போனார். ஒரே இடம் தேய்ந்துபோகக்கூடாது என்று வாரத்துக்கு ஒருமுறை ஆடும் பாதைகளை நகர்த்தி, திசையையும் மாற்றிவிடுவார். என் கண் முன்னாலேயே மூன்றாம் எண் பலகையைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தார்.

மறுநாள் மொரிஸ் காலை உணவுக்குப் போன நேரத்தில் என் கருவியோடு போனேன். கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கிடைக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன்: கொஞ்சம் திருப்தியும் இருந்தது. பழைய கருவி பரீட்சையில் தோற்றுவிட்டது. நான் சொன்னதுதான் சரி. அதை ஏவ்ரிலிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை.

அதற்குள் அவள் தேடத் தொடங்கியிருந்தாள்.

"தட்டுலதான் வெச்சேன், லென். வெச்சேன்ல?"

"வெச்சிருப்பே" என்றேன்.

அது பொய் இல்லை, மேடம். யோசித்துத்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

மாவு டப்பாவைக் கவிழ்த்துச் சலித்தாள். கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். தொட்டிக் குழாயைக் கழற்றினாள். அவள் கழற்றியபோது டார்ச் பிடித்தது நான்தான். நான் எவ்வளவு பொறுமையாக உதவினேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு தேடுவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு இந்த வயதில்தான் மறதி தொடங்கியது. முதலில் கண்ணாடி, பிறகு அடுப்பு, கடைசியில் மகளின் பெயர். ஏவ்ரில் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு முறை போய்ப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒருநாள், "என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறியா?" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். மழையில் நனையாமல் இருக்க வாசல் வரைக்கும் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே, "அப்போ மோதிரம் எங்க, லென்?" என்றாள்.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஒரு நல்ல மெஷின் இருந்தா தேடிடலாம்" என்றேன்.

அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "வாங்கிக்கோ" என்றாள்.

உங்கள் பேனா நின்றுவிட்டது. தேநீர் ஊற்றட்டுமா?

அன்றைக்கே கடைக்கு எழுதிவிட்டேன். கையிருப்பு இல்லை, மாதக் கடைசியில்தான் வரும் என்றார்கள். அரையிறுதி அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் பழைய கருவியை வைத்தே தேட வேண்டியதாயிற்று. அது பதற்றக்காரக் கருவி. தண்ணீர்க் குழாய் மேல் போனாலும் கத்தும், மேகம் போனாலும் கத்தும். கத்திய இடத்திலெல்லாம் தோண்டினேன். தோண்டிய இடத்தையெல்லாம் மூடினேன், ஒவ்வொன்றையும் என் முறைப்படி. அந்த மழைக்குப் பிறகு வெயில் மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால், தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்று தடை மட்டும் வராமல் இருந்திருந்தால், இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. வேரறுந்த புல் தண்ணீர் இல்லாமல் மஞ்சளாகும் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு சீக்கிரம் ஆகும் என்பது தெரியாது.

ஒரு காலையில் பார்த்தால் புல்தரை முழுவதும் அம்மை போட்டதுபோல மஞ்சள் வட்டங்கள்.

ஊரே கரையில் நின்றது. அகழெலி என்றார் ஒருவர். பக்கத்து ஊர் ஊல்பிக்காரர்களின் சதி என்றார் இன்னொருவர். அரையிறுதியில் நம்மோடு ஆடப்போவது அவர்கள்தானே. மொரிஸ் மட்டும் மண்டியிட்டு ஒரு வட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"அகழெலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது மனுஷன். அதுலயும் கெட்டிக்கார மனுஷன். மூடியிருக்கிற அழகப் பாருங்க" என்றார். அப்புறம் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தப் பாராட்டு என்னைத் தொட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

புல்தரைக்குக் காவல் போட முடிவு செய்தார்கள். காலைக் காவலுக்கு நானே முன்வந்தேன். எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். காவல் இருந்த காலைகளில் தேடுவது முன்னைவிட எளிதாக இருந்தது.

அரையிறுதி நேற்று நடந்தது. மஞ்சள் வட்டங்களோடுதான். வேறு தேதி தர முடியாது என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே பார்த்தேன். கடைசிச் சுற்று வரை சமமாகப் போனது. ஏவ்ரில் கடைசிப் பந்தை உருட்டினாள். மோதிரம் இல்லாத கையால். அழகான பந்து, மேடம். தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோல விட்டாள். அது வளைந்து, வேகம் தணிந்து, வெள்ளைப் பந்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மஞ்சள் வட்டத்தின் விளிம்பில் சின்னதாக ஒரு துள்ளல். திரும்பி ஓரமாகப் போய், புல்தரையைச் சுற்றியிருக்கும் வாய்க்காலில் விழுந்தது. நாங்கள் தோற்றோம்.

ஊல்பிக்காரர்கள் கைதட்டக்கூட இல்லை. அவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

ஏவ்ரில் அந்த வட்டத்துக்கு நடந்துபோனாள். மண்டியிட்டாள். விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினாள். நான் இடதுகைக்காரன், நான் வெட்டுகிற லாட வடிவம் இடப்பக்கம் பார்க்கும். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ வயல் வரப்புகளில் உட்கார்ந்து ஃபிளாஸ்கை வைத்துக்கொண்டு நான் குழி மூடுவதைப் பார்த்திருக்கிறாள். எழுந்தாள். ஊல்பித் தலைவியிடம் போய்க் கை கொடுத்து, "நல்லா ஆடினீங்க" என்றாள். என்னைத் தாண்டி வீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது என் பழைய கருவி அவள் கையில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. மொரிஸ் தடுக்கவில்லை. வெள்ளைக் காலணியோடு புல்லில் இறங்கினாள். பந்து உருட்டுவது போலவே, மெதுவாக, தரையை ஒட்டி, ஒரு வீச்சு பாதி இன்னொரு வீச்சின் மேல் படிகிற மாதிரி வீசிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கோப்பை மூடி கிடைத்தது. அப்புறம் பதக்கம். மொரிஸ் அதை வாங்கிச் சட்டையில் துடைத்தார். கடைசியாக, கருவி மிக மெல்லியதாக, பூனைக்குட்டி கொட்டாவி விடுவதுபோல ஒரு சத்தம் எழுப்பியது. அவள் உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள்.

மோதிரத்தை மண்ணோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீ புல்லு வெட்டற மாதிரி வீசறே, லென். இதைத் தடவணும். அது சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ அடுத்த எடத்துக்குப் போயிடறே. என்கிட்டயும் நீ அப்படித்தான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குப் புத்தி போயிடுச்சுன்னு நெனச்சேன், லென். நீ பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தே" என்றாள்.

அவ்வளவுதான், மேடம். மோதிரத்தை எடுத்தது நான். மூடியையும் பதக்கத்தையும் எடுத்தது நான். புல்தரையைத் தோண்டியது நான். அவள் எதையும் மறக்கவில்லை என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

கேட்கிறதா? நாற்காலி நகர்கிறது. ஜன்னல் பக்கம் போகிறாள். இதோ, தட்டு உரசுகிறது. மோதிரத்தை எடுத்துவிட்டாள். எனக்குத் தெரியும், அவள் நல்லவள். மன்னிப்பவள். இனி நீங்கள் எங்கே கையெழுத்து போடச் சொன்னாலும் போடுகிறேன்.

முடிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்காகச் சொல்கிறேன். நேற்று நடந்ததைச் சோதனை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீசியவள் வேறு ஆள், கை வேறு. முந்தின இரவு புல்லில் பனியீரம் வேறு இறங்கியிருந்தது. ஈர மண்ணில் எந்தக் கருவியும் கொஞ்சம் நன்றாகவே கேட்கும். பழையது ஜெயித்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மண், ஒரே ஆழம், இரண்டு கருவி என்பதுதான் பேச்சு, அதுவும் அவளே சொன்னது. புதுக் கருவி வியாழக்கிழமை வந்துவிடும். புல்தரையை எப்படியும் பெயர்த்துவிட்டுப் புதுப்புல் போடப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காலை, அதே மோதிரம்...

கேட்டதா, மேடம்? தட்டில் ஏதோ விழுந்ததே. எவ்வளவு மெல்லிய ஓசை பாருங்கள், அது தங்கம். என் பழைய கருவியில் அது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.